கரிசல் வீட்டில் கடல் சாமந்தி



திருச்சுழிப் பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து ஓர் இளம் தாய் கடிதம் எழுதியிருக்கிறார். மகனுக்கு ஏழு வயது. நீமோ மீன் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அந்த ஆரஞ்சு மீனும், அது புகுந்து ஒளிந்துகொள்ளும் பூவும் வேண்டுமென்று ஒரே பிடிவாதமாம். அப்பாவும் தலையை ஆட்டிவிட்டு, அருப்புக்கோட்டையில் கண்ணாடித் தொட்டிக்குச் சொல்லிவிட்டாராம். "எங்க ஊர்ல நல்ல தண்ணிக்கே குடத்தைத் தூக்கிட்டு அலையிறோம். இதுல கடலை எங்கம்மா கொண்டாந்து வைக்கிறது? அந்தப் பூ பிழைக்குமா? செத்துப் போச்சுன்னா பிள்ளை ஏங்கிப் போவானே. ஒரு வழி சொல்லுங்க" என்று கேட்கிறார்.

இந்தப் பகுதிக்கு ரோஜாச் செடியில் பூச்சி, ஊறுகாயில் பூஞ்சணம், பிள்ளைக்குக் காது வலி என்றுதான் கடிதங்கள் வரும். கடலைக் கேட்டவர் இவர்தான் முதல்! ஆனால் சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. தொட்டி வந்துவிட்டால் அதைத் தினமும் பார்க்கப் போவது அப்பாவும் இல்லை, மகனும் இல்லை, அம்மாதான் என்பது நமக்கெல்லாம் தெரிந்த விஷயம். அதனால் வாங்குவதற்கு முன்பே கேட்டாரே, அதற்கே ஒரு சபாஷ்.

முதலில், அது பூவே இல்லை. பள்ளிப் பாடப் புத்தகத்தில் கடல் சாமந்தி என்று படித்திருப்பீர்கள். மீன் கடைக்காரர்கள் அனிமோன் என்பார்கள். சொறி மீனுக்கும் பவளத்துக்கும் நெருங்கிய உறவுள்ள ஒரு பிராணி. கீழே பாறையைப் பற்றிக்கொள்ள ஒரு பாதம், மேலே நடுவில் ஒரு வாய், வாயைச் சுற்றி விரல் விரலாக இழைகள். இந்த இழைகளில் கொட்டும் தன்மை உண்டு. எலும்பு கிடையாது, மூளை கிடையாது, சிறுநீரகமும் கிடையாது. சாப்பிடுவதும் அந்த வாயால்தான், கழிவை வெளியே தள்ளுவதும் அந்த வாயால்தான். நீர் நிரம்பிய ஒரு பை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொட்டித் தண்ணீரில் என்ன உப்போ அதேதான் அதன் உடம்பிலும். நமக்கானால் உப்பு கூடினால் இன்னும் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துச் சமாளிப்போம். அதற்கு அந்த வழி இல்லை.

அந்தக் கோமாளி மீன் மட்டும் எப்படிக் கொட்டு வாங்காமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்றால், அதன் உடம்பில் உள்ள வழவழப்புதான் காவல். மீன் சாமந்தியைக் கடிக்க வரும் மற்ற மீன்களை விரட்டும். அதன் கழிவு சாமந்திக்கு உரமாகும். சாமந்தி மீனுக்கு வீடாகும். நம் மன்னார் வளைகுடாவிலேயே இந்தக் கூட்டுக் குடித்தனம் நடக்கிறது. கமுதி, சாயல்குடி என்று பஸ் மாறிப் போனால் மதியச் சாப்பாட்டுக்கு முன் கால் நனைக்கக்கூடிய தூரத்தில் இருக்கிற கடல்தான் அது. ஆகவே அந்நிய தேசத்துச் சரக்கு என்று நினைக்க வேண்டாம்.

சரி, கரிசல் பூமியில் அது பிழைக்குமா? பிழைக்கும். ஆனால் அதன் பிழைப்பு முழுக்க ஒரு விஷயத்தில் தொங்குகிறது: தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது.

அடுப்பில் சாம்பார் சுண்டினால் என்ன ஆகிறது? காலையில் சரியாக இருந்த உப்பு மதியம் கரிக்கிறது. நீங்கள் ஒரு கல் உப்புக்கூடப் போடவில்லை. தொட்டியிலும் அதே கதைதான். கணக்காகவே பார்த்துவிடலாம். 4 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரத் தொட்டியில் சுமார் 200 லிட்டர் தண்ணீர் வைக்கலாம். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு வீதம் மொத்தம் 7 கிலோ உப்பு உள்ளே இருக்கும். சித்திரை, வைகாசியில் நம் பக்கத்துக் காற்று ஈரத்தை எப்படி உறிஞ்சும் என்பது கொடியில் துணி காய்வதைப் பார்த்தாலே தெரியும். மேலே ஒரு மின்விசிறியும் ஓடினால் நாளொன்றுக்கு நாலு லிட்டர் போவது பெரிய காரியமில்லை. பத்து நாள் கவனிக்காமல் விட்டால் 40 லிட்டர் போய், 160 லிட்டரில் அதே 7 கிலோ உப்பு நிற்கும். லிட்டருக்கு 35 கிராம் இருந்தது கிட்டத்தட்ட 44 கிராம் ஆகிவிட்டது. சாமந்தி சுருங்கிப் பாதத்தை விட்டுவிடும். "என்ன நோயோ தெரியலையே" என்று கடைக்கு ஓடி மருந்து வாங்கி வந்து ஊற்றுவார்கள். நோயே கிடையாது. குழம்பு சுண்டிவிட்டது, அவ்வளவுதான்.

அதனால் குறைந்த தண்ணீரை ஈடுகட்ட ஊற்ற வேண்டியது உப்பில்லாத நல்ல தண்ணீர். கடல் நீர் தொட்டியாயிற்றே என்று உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு வந்தால் கரிப்பு ஏறிக்கொண்டேதான் போகும்.

இதற்கு நான் சொல்லும் வழி மிகச் சுலபம். தொட்டியை நிரப்பிய அன்று தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, கண்ணாடியின் வெளிப்பக்கம் அந்த இடத்தில் ஒரு ஒட்டும் பொட்டை ஒட்டிவிடுங்கள். தினமும் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்ததும், பொட்டு மட்டம் வரை நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நாள் விட்டு மறுநாள் சேர்த்து ஊற்றிக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள். திடீரென்று எட்டு லிட்டர் சாதாத் தண்ணீர் போனால் அதுவும் அதிர்ச்சிதான். வாரம் ஒருமுறை உப்பை அளந்து பாருங்கள். பால்காரரிடம் பால்மானி பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி மிதக்கும் ஹைட்ரோமீட்டர் மீன் கடைகளில் கிடைக்கும். அதில் 1.024-லிருந்து 1.026-க்குள் நிற்க வேண்டும்.

நல்ல தண்ணீர் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் அதுதானே பெரிய பாடு! போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும். பருப்பு வேகாத தண்ணீர் சாமந்திக்கும் ஆகாது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள சுண்ணாம்பும் மற்ற உப்புகளும் தினம் தினம் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஏசி பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீர் சுத்தம்தானே என்று சிலர் பிடித்து வைப்பார்கள். வேண்டாம், அது செம்புக் குழாய்களின் மேல் வழிந்து வருகிற தண்ணீர். செம்பு இந்தப் பிராணிக்கு விஷம்.

அதே காரணத்துக்காக இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் தண்ணீர் என்றால் கை தன்னால் செம்புக் குடத்துக்கும் பித்தளைத் தவலைக்கும் போகும். குடிக்க எவ்வளவு உயர்ந்த பாத்திரமாக இருந்தாலும், சாமந்தித் தொட்டிக்கு அதில் மொண்டு ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் வாளி ஒன்றைத் தனியாக ஒதுக்கி, சோப்பு படாமல் வைத்துக்கொள்ளுங்கள். மீன்களின் புள்ளி நோய்க்குக் கடையில் தரும் மருந்துகள் சிலவற்றிலும் செம்பு உண்டு. மீன் பிழைக்கும், சாமந்தி போய்விடும்.

ஆர்.ஓ. இயந்திரத் தண்ணீர் நல்லதுதான். ஆனால் நம் பக்கத்துத் தண்ணீரில் ஒரு குடம் எடுக்க இரண்டு மூன்று குடம் கழிவாக வெளியே போகும். அந்தக் கழிவைப் பாத்திரத்தின் முதல் கழுவலுக்கும், வீடு துடைக்கவும் பிடித்து வைக்க மனமிருந்தால் சரி. நான் மழைத் தண்ணீரைத்தான் சொல்வேன். மழைத் தண்ணீரில் பருப்பு எப்படிப் பூவாய் வேகும் என்று பெரியவர்களைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் அந்தக் குழாய் இன்னும் சுவரோரம் சும்மா நிற்கிறது. 500 சதுர அடி மொட்டை மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 450 லிட்டருக்கு மேல் விழும். ஐப்பசி, கார்த்திகையில் முதல் இரண்டு மழையை மாடி கழுவ விட்டுவிட்டு, அடுத்ததைப் பிடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் இருட்டான இடத்தில் வையுங்கள். தகரக் கூரைத் தண்ணீர் மட்டும் வேண்டாம், அதன் பூச்சில் துத்தநாகம் இருக்கும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். சாமந்தியை வளர்க்கப் போய் டெங்குக் கொசுவை வளர்த்துவிடக் கூடாது.

இப்போது குடும்பக் கணக்குக்கு வருவோம். கோடையில் தினம் நாலு லிட்டர் ஈடு என்றால் மாதம் 120 லிட்டர். தொட்டியில் சேரும் கழிவு போக, வாரம் 20 லிட்டர் பழைய நீரை எடுத்துவிட்டுப் புதிய கடல் நீர் விட வேண்டும். அதற்கு மாதம் 80, 90 லிட்டர். ஆக 200 லிட்டருக்கு மேல், அதாவது மாதம் 14 குடம் நல்ல தண்ணீர். குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிற வீட்டிலும், தெருக் குழாயில் வரிசை நிற்கிற வீட்டிலும் இந்த 14 குடம் சின்ன விஷயமில்லை. பீப்பாயில் மழைத் தண்ணீர் இருக்கிற வீடு வளர்க்கட்டும். இல்லாத வீடு இந்த ஆசையை அடுத்த ஐப்பசிக்குத் தள்ளிப் போடட்டும். பிள்ளை இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான். மாமியார் தண்ணீர் தூக்கி முதுகு பிடித்துக்கொள்வதைவிட அது தேவலை.

"உப்பு நம்ம தூத்துக்குடி கல் உப்பைப் போட்டுக்கலாமா?" என்று அடுத்த கேள்வி வரும். கூடாது. உப்பளத்தில் கடல் நீரைக் காயவைக்கும்போது சுண்ணாம்புச் சத்து முதலிலேயே தனியாகப் படிந்துவிடும். சாப்பாட்டு உப்பு அதற்குப் பிறகு படிகமாகும். மெக்னீசியம் முதலானவை கடைசியில் கசப்பு நீராக மிஞ்சி வெளியே போகும். ஆகக் கல் உப்பைக் கரைத்தால் உப்புத் தண்ணீர் கிடைக்குமே தவிரக் கடல் கிடைக்காது. தொட்டிக்கென்றே எல்லாச் சத்தும் கலந்து விற்கிற கடல் உப்புப் பொடியைத்தான் வாங்க வேண்டும். வாரம் 20 லிட்டருக்கு 700 கிராம் ஆகும். முதல் நாளே நல்ல தண்ணீரில் கரைத்து, காற்றுக் குமிழி விட்டு, மறுநாள் ஊற்ற வேண்டும். கடற்கரைப் பக்கம் உறவினர் இருந்தால், படகுத் துறையும் சாக்கடையும் இல்லாத இடத்தில், மழைக்காலம் இல்லாத நாளில் கேன்களில் கடல் நீரையே பிடித்து வரலாம். இரண்டு மூன்று நாள் மூடி வைத்துத் தெளிய விட்டு வடிகட்டி, உப்பை அளந்த பிறகே பயன்படுத்துங்கள்.

தொட்டியை நிரப்பியதும் சாமந்தியை இறக்கிவிடலாமா? அவசரமே கூடாது. பாலில் உறை ஊற்றித் தோய விடுகிறோம் அல்லவா, அதுபோலத் தொட்டியும் தோய வேண்டும். மீனின் கழிவிலிருந்து வருகிற அம்மோனியா விஷம். அதைத் தின்று வேறொன்றாக மாற்றும் நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும் வடிகட்டியிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். மீனுக்கு அது போதும். சாமந்திக்கோ தொட்டி ஓடத் தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருந்தால் நல்லது. பாறைக்குக் களிமண்ணில் சுட்டதோ, கடையில் விற்கும் செயற்கைப் பாறையோ போதும். பவளத் துண்டு யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காக்கப்படுபவை.

வெயிலை எப்படிச் சமாளிப்பது? 25-லிருந்து 27 டிகிரி வரை தண்ணீர் இருப்பது உத்தமம். நம் பக்கம் மே மாதத்தில் வீட்டுக்குள் வைத்த தண்ணீரே அதைத் தாண்டி ஏறிவிடும். மொட்டை மாடிக்கு நேர் கீழேயும், மேற்குச் சுவரோரமும் தொட்டியை வைக்காதீர்கள். நடு அறையில், தரையோடு உயரம் குறைந்த உறுதியான மேடையில் வையுங்கள். தண்ணீர் மட்டுமே 200 கிலோ என்பதை மறக்க வேண்டாம். தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு, வலை போட்டு, தண்ணீரின் மேல் படும்படி சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே தத்துவம்தான். காற்று காய்ந்திருக்க இருக்க நன்றாகக் குளிரும். புழுங்குகிற சென்னைக்காரர்களுக்கு இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. கரிசல் சீமைக்கு இது ஒரு வரம். வற்றுகிற தண்ணீர்தான் அதற்கு நாம் கொடுக்கும் விலை. பொட்டு மட்டத்தை மறக்காமல் பார்த்தால் போதும். மின்சாரம் நிற்கிற வேளைக்குப் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.

சூடு ஏறினால் என்ன ஆகும் என்பதைக் கடலே நமக்குக் காட்டியிருக்கிறது. 2010-லும் 2016-லும் கோடை வெப்பத்தில் மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வெளுத்துப் போயின. பவளத்தின் உடம்புக்குள்ளும், கோமாளி மீன் குடியிருக்கும் சாமந்திகளின் உடம்புக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் வாழ்கின்றன. அவை வெளிச்சத்தில் உணவு தயாரித்து வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுக்கின்றன. சூடு தாங்காவிட்டால் பாசி வெளியேறிவிடும். நிறம் அந்தப் பாசியோடு போய்விடும். அதனால்தான் இந்தப் பிராணிக்கு நல்ல வெளிச்சம், நாளைக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம், கடல் தொட்டிக்கென்று விற்கும் எல்.இ.டி. விளக்கு வேண்டும். ஜன்னல் வெயில் வேண்டாம். வெளிச்சத்தோடு சூட்டையும் கொண்டு வரும்.

வாங்கும்போது ஏமாறும் இடமும் இதுதான். கடைத் தொட்டியில் பாலாய் வெளுத்த சாமந்தியைப் பார்த்து "எவ்வளவு அழகு!" என்று வாங்கிவிடுவோம். அது ரத்தசோகை பிடித்த குழந்தையின் வெளுப்பு. இன்னும் சில கடைகளில் பளீரென்ற மஞ்சள், ரோஸ், ஊதா என்று இருக்கும். பெரும்பாலும் வெளுத்துப் போனதற்குச் சாயம் ஏற்றியது. சாயத் தொழில் அறிந்த அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை! தவிட்டு நிறம், பச்சை கலந்த பழுப்பு இவையே ஆரோக்கியம். வாய் இறுக மூடியிருக்க வேண்டும். பாதம் கிழியாமல், எதையாவது பற்றிக்கொண்டு இருக்க வேண்டும். பபிள் டிப் என்று விரல் நுனி குமிழ்போல இருக்கும் வகை தொட்டியிலேயே இரண்டாகப் பிரிந்து குட்டி போடும். அப்படி ஒருவர் தொட்டியில் பிரிந்த குட்டியாகக் கேட்டு வாங்குங்கள். கடலிலிருந்து பிடுங்கி வந்ததைவிட அது உறுதி, கடலுக்கும் நஷ்டமில்லை. கார்ப்பெட் அனிமோன் என்ற விரிப்பு வகை அரை மீட்டருக்கு மேல் வளரும், உடன் இருக்கும் மீனையும் விழுங்கிவிடும். நம் வீட்டுத் தொட்டிக்கு அது வேண்டாம்.

கடற்கரைக்குச் சுற்றுலா போன இடத்தில் பாறை இடுக்கிலிருந்து பெயர்த்து வரலாமே என்று யோசிப்பவர்கள் உண்டு. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதை எடுத்தாலும் குற்றம். குற்றம் ஒருபுறம் இருக்க, பெயர்க்கும்போது பாதம் கிழிந்த சாமந்தி பிழைப்பது அரிது.

சாப்பாட்டு விஷயத்தில் நம் தாய்மனசுதான் எதிரி. இளைத்துவிட்டதே என்று தினம் ஊட்டப் போவோம். வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை, பட்டாணி அளவு பச்சை இறால் துண்டு போதும். மசாலாவோ உப்போ படாததாக இருக்கட்டும். இழையில் தொடும்படி வைத்தால் தானே வாய்க்குக் கொண்டு போகும். மிச்சம் துப்பினால் உடனே எடுத்துவிடுங்கள். தொட்டியில் கை விடும் முன் மஞ்சள், எண்ணெய், கிரீம் எல்லாம் போகச் சோப்பில்லாமல் கழுவுங்கள். கையுறை போட்டால் இன்னும் நல்லது, கொட்டினால் சிலருக்குத் தடிப்பு வரும். தொட்ட கையைக் கண்ணில் வைக்கக் கூடாது. குழந்தைகளைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்துங்கள். தொட்டி இருக்கும் அறையில் கொசு மருந்து அடிப்பதும், கொசுவர்த்தி கொளுத்துவதும் கூடாது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியைப் பூஜை அறையோடு முடித்துக்கொள்ளுங்கள்.

சாமந்தி நடமாடும். பிடிக்காத இடத்தை விட்டு இரவோடு இரவாக நகர்ந்து, மோட்டாரின் உறிஞ்சும் வாயில் போய் மாட்டிக்கொண்டு சிதைந்துவிடும். அந்த வாய்க்கு முன்கூட்டியே பஞ்சு உறை போட்டுவிடுங்கள். அவ்வப்போது சுருங்கி, பழுப்பாக ஒரு கோழையைத் துப்பிவிட்டு மறுபடி விரிந்தால் பயப்பட வேண்டாம், அது அதன் காலைக்கடன். நாள்கணக்கில் சுருங்கியே கிடந்தாலோ, வாய் பிளந்து நின்றாலோ, முதலில் உப்பை அளங்கள். பிறகு சூட்டைப் பாருங்கள். நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். கரைந்து நாற்றமடிக்கத் தொடங்கிவிட்டால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அந்தக் கணமே எடுத்துவிடுங்கள். விட்டு வைத்தால் ஒரே இரவில் மீன்களையும் கொண்டு போய்விடும்.

இவ்வளவு பாடுபட்டால் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்கலாம். ஸ்காட்லாந்தில் சர் ஜான் டால்யெல் என்பவர் 1828-ல் கடற்கரையிலிருந்து ஒரு சாமந்தியைக் கொண்டு வந்து கண்ணாடி ஜாடியில் வைத்தார். அது குளிர்க் கடல் ஜாதி. 1851-ல் அவர் காலமானார். சாமந்தி கை மாறிக் கை மாறி, ‘பாட்டி’ என்று செல்லப் பெயரும் பெற்று, 1887 வரை உயிரோடு இருந்தது. மின்சாரம் கிடையாது, மோட்டார் கிடையாது. தவறாமல் கடல் நீரை மாற்றிக்கொண்டே வந்தார்கள், அவ்வளவுதான். ஆகையால் பிள்ளையின் ஆசை தீர்ந்த பிறகும் இருபது முப்பது வருடம் இருக்கக்கூடிய ஓர் உயிரை வீட்டுக்குள் அழைக்கிறோம் என்று தெரிந்தே அழையுங்கள்.

திருச்சுழிச் சகோதரிக்கு என் யோசனை இது. தொட்டி வரட்டும். முதலில் கோமாளி மீன் மட்டும் இரண்டு வாங்குங்கள். தொட்டியிலேயே இதைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் செய்து காட்டியிருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். சாமந்தி இல்லாமலே அது சுகமாக வாழும். ஒரு சின்ன மண் சட்டியைச் சாய்த்து வைத்தால் அதையே வீடாக்கிக்கொள்ளும். (எல்லாம் ஆணாகவே பிறந்து, ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். வீட்டில் அதிகாரமும் அதற்குத்தான்!) மகனுக்கு நீமோ கிடைத்துவிட்டது. ஆறு மாதம் தினமும் பொட்டு மட்டம் பார்க்கும் வேலையை அவனிடமே கொடுங்கள். ஒரு கோடையைத் தாண்டி உப்பும் சூடும் நிலையாக நின்றால் சாமந்தியைப் பற்றி யோசிக்கலாம். நிற்கவில்லை என்றால் மீனோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கடைசியாக, ஊருக்குப் போகும் நாட்களுக்கு. பிறந்த வீட்டுக் கல்யாணம், பள்ளி விடுமுறை என்று ஒரு வாரம் போக வேண்டி வந்தால், பக்கத்து வீட்டு மதினியிடம் சாவி கொடுத்து "கொஞ்சம் தண்ணி ஊத்துங்க மதினி" என்று வாயால் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அவர் எந்தத் தண்ணீரை, எவ்வளவு ஊற்றுவார் என்று யாருக்குத் தெரியும்? இரண்டு லிட்டர் பாட்டில்களில் மழைத் தண்ணீரை நிரப்பி, ஒவ்வொன்றிலும் கிழமையை எழுதி, நாளைக்கு இரண்டு வீதம் வரிசையாக வைத்துவிடுங்கள். பொட்டைத் தொட்டதும் நிறுத்தச் சொல்லுங்கள். மீன் தீனியை மட்டும் ஒரு வேளை அளவுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். பசியோடு பார்க்கிறதே என்று இரக்கப்பட்டுக் கை நிறைய அள்ளிப் போட்டுவிடுவார்.